மறு: புரோவெனன்ஸ்: ‘உரிமை வரலாறு’ வேண்டாம், ‘கைவழி’ சரியா?

அனைவருக்கும் வணக்கம். ஒரு கலைப்பொருள் யார் யார் கை வழியாக வந்தது என்று சொல்லும் குறிப்பை ஆங்கிலத்தில் புரோவெனன்ஸ் (provenance) என்கிறார்கள். அதற்கு நாம் தேடும் தமிழ்க் கலைச்சொல் பற்றித்தான் இந்த மடல்.

> ‘உரிமை வரலாறு’ என்றே வைத்துவிடலாம். யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

ஐயா நேற்று எழுதிய இந்த வரியை இரண்டு மூன்று முறை படித்தேன். சொல் சட்டென்று புரிகிறது, அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனாலும் என்னால் ஏற்க முடியவில்லை. அருங்காட்சியகக் குறிப்புகளைத் தமிழாக்கும்போது எனக்கு எங்கே முட்டியது என்று சொல்கிறேன்.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் முகலாய ஓவியத் தொகுப்பு ஒன்றின் 41 ஏடுகள் இருக்கின்றன. அதே தொகுப்பின் 9 ஏடுகள் வாஷிங்டனில், ஃப்ரீயர் காட்சியகத்தில். ஜஹாங்கீர் காலத்தில் தொடங்கி ஷாஜகான் காலத்தில் வளர்ந்த தொகுப்பு அது. ஓர் ஏட்டில் பொன்னும் நீலமும் இழைத்த சூரியவட்டம். அதன் நடுவே ஷாஜகானின் பெயரும் பட்டங்களும். யாருக்காக உருவானது என்பதில் ஐயமே இல்லை. சரி, அதன் உடைமைக் குறிப்பு எங்கே தொடங்குகிறது? 1929இல். ஸ்காட்லாந்தில் ஜாக் ரோஃப் என்பவர், அந்த டிசம்பரில் லண்டன் சோதபீஸ் ஏலம், அங்கே வாங்கிய வணிகர் ஹகோப் கெவோர்கியன், 1955இல் அருங்காட்சியகம். அவ்வளவுதான். 1658இல் ஷாஜகான் அரியணை இழந்ததற்கும் 1929க்கும் இடையே 271 ஆண்டுகள். இடையில் 1739இல் நாதிர் ஷா டெல்லியைச் சூறையாடினார், 1857 கிளர்ச்சி வந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாரோ பழைய ஓவியங்களைப் பார்த்து வரைந்த படிகளையும் உள்ளே சேர்த்திருக்கிறார்கள். குறிப்பு இதில் எதையும் பேசுவதில்லை. இதை ‘உரிமை வரலாறு’ என்று தலைப்பிட்டால், இல்லாத ஒரு பட்டாவை நாமே எழுதிக் கொடுப்பதாகிறது. அதில் இருப்பது யார் கையில் இருந்தது என்ற செய்தி மட்டும்தான்.

இன்னொன்று. ஷாஜகானின் மகன் தாரா ஷிகோ தன் மனைவி நாதிரா பானுவுக்கு ஓர் ஓவியத் தொகுப்பைப் பரிசாகக் கொடுத்தார். இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அன்பு மனைவிக்குக் கொடுத்தது என்று தாராவே எழுதிய வரி உள்ளே உண்டு. 1659இல் தாரா கொல்லப்பட்ட பிறகு அந்த வரியின்மேல் பொன் பூசி மறைத்துவிட்டார்கள். பொன்னுக்கு அடியில் இருக்கும் அந்தக் கையெழுத்தை எப்போது நினைத்தாலும் மனம் கனத்துப்போகிறது. பூசியவர்களுக்கு அந்த ஏட்டின்மேல் உரிமை இருந்ததா இல்லையா என்று கலைச்சொல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. கொடுத்தவர் கை, வாங்கியவர் கை, அழித்தவர் கை மூன்றும் அதற்குள் அடங்க வேண்டும்.

இங்கிலாந்தின் வின்ட்சரில் உள்ள பாட்ஷாநாமாவும், அதாவது ஷாஜகானின் ஆட்சி வரலாற்று நூலும், இப்படித்தான். ஷாஜகானுக்காக 1656–57இல் எழுதி முடித்த பிரதி, பிறகு வட இந்தியாவின் அவத் நவாபிடம் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜெனரலாக இருந்த ஜான் ஷோர் வழியாக 1799இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னரைச் சேர்ந்தது. குறிப்பில் ‘பரிசு’ என்று இருக்கும். கம்பெனியின் பிடியில் இருந்த ஒரு நவாப் கொடுத்த பரிசு என்பதைப் படிப்பவர் தாமே எண்ணிப் பார்க்கட்டும்.

‘பூர்விகம்’ என்று அம்மா ஒருவர் சொன்னார். நல்ல சொல், ஆனால் அது பிறந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. பூந்தி ஓவியம், பசோலி ஓவியம் என்று பிறந்த ஊரைச் சொல்லப் போதும். பசோலியிலிருந்து பாஸ்டனுக்கு வந்த கதை அதில் வராது. தொல்லியலில் கண்டெடுத்த இடத்தைக் குறிக்க வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

‘கைமாற்று வரலாறு’ என்ற யோசனை பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். கைமாற்று என்றால் நம் ஊரில் அவசரத்துக்கு வாங்கும் கடன். கைம்மாறு என்றால் செய்த உதவிக்குப் பதில் உதவி.

‘மூலப்பத்திரம்’ என்ற யோசனை மட்டும் என்னைக் கொஞ்சம் நிறுத்தியது. மனை வாங்கப் போகிறவர் தாய்ப்பத்திரம் எங்கே, நடுவில் எந்தக் கிரயம் விடுபட்டிருக்கிறது, வில்லங்கம் போட்டுப் பார்த்தாயா என்று கேட்பதும் ஓவியத்துக்குச் செய்யும் ஆய்வும் ஒரே வேலைதான். ஆனால் நிலம் அங்கேயே கிடக்கும், பத்திரம் பதிவு அலுவலகத்தில் பதிவாகியிருக்கும். ஓவியம் ஊர் ஊராகப் போகிறது, பத்திரம் என்று தனியாக எதுவும் கூடவே போவதில்லை. பெரும்பாலும் ஓவியத்தின் முதுகுதான் அதன் பத்திரம். உதய்ப்பூர் அரண்மனையிலிருந்து வெளியே வந்த மேவார் ஓவியங்களைத் திருப்பிப் பார்த்தால் நாகரி எழுத்தில் ஒரு குறிப்பு, அரண்மனைப் பட்டியல் எண், அன்றைய மதிப்பு. முகலாய நூலகச் சுவடிகளில் ‘அர்ஸ் தீதா ஷுத்’, அதாவது மேற்பார்வைக்கு வந்தது என்று நாளிட்ட குறிப்புகள், அருகே முத்திரைகள். அழகாக இருக்கட்டும் என்று புது அட்டையில் ஒட்டிவிட்டால் இத்தனையும் பசைக்குள் போய்விடும்.

இதையெல்லாம் யோசித்தபோது தோன்றியதுதான் ‘கைவழி’. பரம்பரையைக் கால்வழி, கொடிவழி என்கிறோம். மனிதருக்குக் கால்வழி, பொருளுக்குக் கைவழி. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு வந்த வழி. வாங்கியதோ, பரிசோ, கொள்ளையோ, எல்லாமே கை வழியாக வந்ததுதான்.

ஒரு தடை உண்டு, நானே சொல்லிவிடுகிறேன். புறநானூறு 149இல் வன்பரணர் ‘கைவழி மருங்கிற் செவ்வழி பண்ணி’ என்கிறார். அங்கே கைவழி என்பது யாழ். பாணர் கையிலேயே எப்போதும் இருப்பதால் வந்த பெயர். இன்று யாரும் யாழை அப்படிச் சொல்வதில்லை என்பதால் குழப்பம் வராது என்றே நினைக்கிறேன். கையைவிட்டு அகலாத ஒன்றின் பெயர், கை மாறிக்கொண்டே இருப்பவற்றுக்கு வருவது எனக்குப் பிடித்தும் இருக்கிறது.

தொடர்களில் போட்டுப் பார்த்தேன்: கைவழிக் குறிப்பு, கைவழி ஆய்வு, கைவழி அறுந்த ஓவியம், போலிக் கைவழி. கடைசிச் சொல் நமக்கு உடனே தேவைப்படும். தமிழ்நாட்டின் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராஜரை 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் காட்சியகம் வாங்கியபோது கூடவே வந்தவை போலிக் கைவழி ஆவணங்கள். சிலை கோயிலில் இருந்தபோது எடுத்த படங்கள் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இருந்ததால் உண்மை வெளிவந்து, 2014இல் சிலை திரும்பியது. அந்தப் பொய்க் காகிதத்தைப் ‘போலி உரிமை வரலாறு’ என்று எழுதிப் பாருங்கள். பொய்யானது காகிதமா, உரிமையா என்ற குழப்பம் வந்துவிடும்.

கணினித் தரவு எங்கிருந்து வந்தது என்பதையும் புரோவெனன்ஸ் என்கிறார்களே, அதற்கும் இதே சொல்லா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அங்கே தடம் என்ற சொல்லே போதும் என்பது என் கருத்து.

இன்னொன்றை முடிவு செய்ய உங்கள் உதவி தேவை. பல அருங்காட்சியகங்கள் கைவழிக் குறிப்பில் நேரடியாகக் கை மாறியிருந்தால் அரைப்புள்ளியும், நடுவில் இடைவெளி இருந்தால் முற்றுப்புள்ளியும் இடுகின்றன. வணிகர் பெயர் பகர அடைப்புக்குள் வரும். தமிழில் படிப்பவர் அரைப்புள்ளியையும் முற்றுப்புள்ளியையும் இப்படிப் பிரித்துப் பார்க்கப் போவதில்லை. அதனால் இடைவெளி வரும் இடத்தில் ‘இதற்கு முன் யாரிடம் இருந்தது, தெரியவில்லை’ என்று முழுசாகவே எழுதிவிடலாம் என்கிறேன். 271 ஆண்டுகள் ஒரு புள்ளிக்குள் ஒளிந்திருக்க வேண்டாம். ஒப்புதல் என்றால் சொல்லுங்கள், அடுத்த வாரக் கலைச்சொல் பட்டியலில் ‘கைவழி’யோடு இந்த விதியையும் சேர்த்துவிடுகிறேன்.