ஏப்ரலில் இரண்டு அடி ஈரப்பனி: டிரைவ்வேயை எப்படிச் சுத்தம் செய்வது? (கொலராடோ மலைப்பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்)

மலைக்குப்_புதுசு:

எல்லோருக்கும் வணக்கம். டென்வருக்கு மேற்கே எவர்கிரீன் பக்கம், சுமார் 7,500 அடி உயரத்தில் போன ஆகஸ்டில் வீடு வாங்கி வந்தோம். அதற்கு முன் பத்து வருடம் டல்லாஸ், அதனால் பனி விஷயத்தில் எனக்கு எதுவும் தெரியாது. குளிர்காலம் நல்லபடியாகத்தான் போனது. நாலு அங்குலம், ஆறு அங்குலம் என்று விழும், ஷவலால் தள்ளினால் ரவை மாதிரி நகரும், அரை மணி நேரத்தில் வேலை முடியும். ஏப்ரல் பிறந்ததும் இனி வராது என்று நினைத்து ஷவலைக் கராஜில் பின்னால் போட்டுவிட்டேன். நேற்று மதியம் மழையாக ஆரம்பித்தது, சாயங்காலம் பனியாக மாறியது, இன்று காலை அளந்தால் 24 அங்குலம். இன்னும் விழுந்துகொண்டே இருக்கிறது.

எங்கள் டிரைவ்வே (ரோட்டிலிருந்து கராஜ் வரை கார் வரும் வழி) 40 அடி நீளம், 12 அடி அகலம், தார் போட்டது. பனியை வாரி ஓரத்தில் வீசும் எலக்ட்ரிக் ஸ்னோ ப்ளோவர் ஒன்று வைத்திருக்கிறேன், பத்தடி போவதற்குள் வாயில் பனி அடைத்துக்கொண்டு நின்றுவிடுகிறது. கிரைண்டரில் இருந்து எடுத்த மாவு மாதிரி அப்படி ஒட்டுகிறது. பனி எடுக்கச் சீசன் முழுவதற்கும் பணம் வாங்கிய ஆள் போனையே எடுக்கவில்லை. கஷ்டப்பட்டு வாசல் பக்கம் கொஞ்சம் திறந்தேன், கவுண்டி (மாவட்ட நிர்வாகம்) வண்டி வந்து ரோட்டுப் பனியை எல்லாம் தள்ளி டிரைவ்வே வாயில் இடுப்பு உயரத்துக்கு ஒரு சுவர் வைத்துவிட்டுப் போய்விட்டது. அழுகையே வந்துவிட்டது.

இரண்டு கேள்வி. நின்ற பிறகு மொத்தமாக அள்ளுவதா, இப்போதே ஆரம்பிப்பதா? வெயில் வந்தால் தானாக உருகிவிடும், விட்டுவிடு என்று ஆபீஸில் சொல்கிறார்கள், அது சரியா? மதுரையிலிருந்து அப்பா வந்திருக்கிறார், வயது 68, "நானும் ஒரு கை பிடிக்கிறேன்" என்று பூட்ஸ் மாட்டிக்கொண்டு நிற்கிறார்.

நெடர்லாந்து_வாசி:

தம்பி, முதலில் அப்பாவை உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள். இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உங்கள் உயரத்தில் கடல் மட்டத்தை விடக் காற்றழுத்தம் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. அதோடு குளிரில் ரத்தக்குழாய் சுருங்கும், குனிந்து எடை தூக்கும்போது ரத்த அழுத்தம் ஏறும். பனி அள்ளும்போது மாரடைப்பு வந்து போகிறவர்கள் இந்த நாட்டில் வருடா வருடம் உண்டு. மதுரை வெயிலில் இருந்து வந்தவரை இதில் இறக்கவே கூடாது. அவருக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால் ஜன்னல் பக்கம் நின்று உங்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், நீங்கள் வழுக்கி விழுந்தால் பார்க்க ஒரு ஆள் வேண்டும்.

இப்போதே ஆரம்பியுங்கள், நிற்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். இந்தப் பனியை உயரத்தை வைத்துக் கணக்குப் போடக் கூடாது, எடையை வைத்துப் போட வேண்டும். உங்கள் டிரைவ்வேயில் 24 அங்குலம் என்றால் ஏறக்குறைய 27 கன மீட்டர். ஈரப்பனி கன மீட்டருக்கு 150 கிலோ என்று குறைத்தே வைத்தாலும் 4 டன் வருகிறது. ஜனவரியில் விழும் பொடிப்பனி இதில் பாதி எடைகூட இருக்காது. நாலு டன்னை ஒரே மூச்சில் எந்த முதுகும் தாங்காது. ஆறு அங்குலம் விழுந்ததும் ஒரு தடவை, அடுத்த ஆறு அங்குலத்துக்கு இன்னொரு தடவை என்று போனால்தான் முடியும். விழுந்துவிட்ட இரண்டு அடியை இப்போது அடுக்கடுக்காக எடுங்கள்: மேலே உள்ள எட்டு அங்குலத்தை மட்டும் சீவி ஓரத்துக்குத் தள்ளி, பிறகு அடுத்த அடுக்கு. ஷவல் முகத்தில் சமையல் எண்ணெய் ஸ்ப்ரே அடித்துக்கொண்டால் ஒட்டாது. ப்ளோவரின் வாயிலும் குழாயிலும் அதையே அடியுங்கள், முழு அகலத்துக்கும் ஓட்டாமல் பாதி அகலம் மட்டும் கடிக்கவிட்டு மெதுவாக நடங்கள்.

அடைத்துக்கொண்டால் கையை விடவே விடாதீர்கள். மோட்டாரை நிறுத்தி, பேட்டரியைக் கழற்றி, அதற்குப் பிறகும் ஒரு கட்டையால் மட்டும் குத்தி எடுங்கள். நின்றுபோன இயந்திரத்திலும் உள்ளே இறுக்கம் இருக்கும், அடைப்பு விலகிய நொடியில் பிளேடு அரைச்சுற்று சுற்றும். எங்கள் தெருவில் ஒருவருக்கு இரண்டு விரல் அப்படித்தான் போனது, நான்தான் காரில் கூட்டிக்கொண்டு போனேன், அந்தக் கையுறையை இன்னும் மறக்க முடியவில்லை.

ஏப்ரலில் ஏன் இப்படி என்று குழம்ப வேண்டாம், நம் பக்கத்தின் பெரிய பனியெல்லாம் இந்தக் காலத்தில்தான் வரும். தென்கிழக்குக் கொலராடோவில் ஒரு தாழ்வழுத்தம் வந்து உட்கார்ந்தால், அதைச் சுற்றி வீசும் கிழக்குக் காற்று மெக்ஸிகோ வளைகுடா ஈரத்தைக் கொண்டுவந்து நம் மலைமேல் ஏற்றும், ஏறும்போது குளிர்ந்து மொத்தத்தையும் கொட்டிவிடும். 2003 மார்ச் 17 முதல் 19 வரை அடித்ததில் டென்வரிலேயே 31.8 அங்குலம், எங்கள் நெடர்லாந்து ஊருக்குப் பக்கத்தில் ரோலின்ஸ்வில்லில் 7 அடிக்கு மேல். 2024 மார்ச் நடுவில் வந்ததிலும் இந்தப் பக்கம் பல இடங்களில் 4 அடி தாண்டியது. ஐ-70 நெடுஞ்சாலையின் மலைப்பாதையில் பனி டயர் சட்டம் மே 31 வரை அமலில் இருப்பது சும்மா இல்லை. ஷவலை ஜூன் வரை வாசலிலேயே வையுங்கள்.

போல்டர்_அக்கா:

நெடர்லாந்து அண்ணா சொன்னதில் பெரும்பாலும் ஒத்துப்போகிறேன், ஆனால் "உருகிவிடும்" என்பதும் முழுப் பொய் இல்லை. உங்கள் டிரைவ்வே எந்தத் திசையைப் பார்க்கிறது? தெற்கு பார்த்ததாக இருந்தால் ஏப்ரல் வெயிலுக்கு நல்ல சக்தி உண்டு, மேல் பனியை எடுத்துக் கறுப்புத் தார் கொஞ்சம் தெரிந்துவிட்டால் மீதியை வெயிலே பார்த்துக்கொள்ளும். வடக்கு பார்த்ததாக இருந்தால் பகலில் பாதி உருகி இரவில் கண்ணாடி மாதிரி உறையும், அதைக் கடப்பாரை இல்லாமல் எடுக்க முடியாது. நான் முதல் வருடம் அதைத்தான் செய்தேன், பத்து நாள் கார் ரோட்டிலேயே நின்றது. அள்ளுகிற பனியை மேட்டுப் பக்கம் குவிக்காதீர்கள், உருகி டிரைவ்வே வழியாகவே ஓடி ராத்திரி ஐஸாகிவிடும்.

டிரைவ்வேக்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, யாரும் சொல்லவில்லை. ஹீட்டரின் புகைக்குழாய் வீட்டுச் சுவரில் பக்கவாட்டில் வெளியே வருகிறதா என்று போய்ப் பாருங்கள். பனி அதை மூடினால் கார்பன் மோனாக்ஸைடு வீட்டுக்குள் திரும்பும், வாசனை எதுவும் இருக்காது. கேஸ் மீட்டர் மேல் உள்ளதைக் கையால் மெதுவாகத் தட்டிவிடுங்கள், ஷவலால் இடிக்க வேண்டாம். தெருவில் தீயணைப்புக் குழாய் இருந்தால் அதைச் சுற்றி மூன்றடி திறந்துவிடுவது எல்லோருக்கும் நல்லது.

மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிளை வளைந்து தொங்கினால் துடைப்பத்தால் கீழிருந்து மேலாக மெல்லத் தூக்கி விடுங்கள், உலுக்கக் கூடாது. மின்கம்பி பக்கம் போகவே வேண்டாம். 2022 மே 20 அன்று இப்படித்தான், முந்தின நாள் 30 டிகிரி வெயில், மரமெல்லாம் இலை விட்டிருந்தது, மறுநாள் ராத்திரி பனி ஏறி எங்கள் தெருவில் ஒவ்வொரு கிளையாக வெடி வெடித்த மாதிரி முறிந்தது. தூங்கவே இல்லை.

ரோட்டுக்காரன்:

கவுண்டி வண்டி வைத்த சுவர் பற்றி மட்டும் சொல்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் பனி வண்டி ஓட்டுகிறவர், இதைப் பற்றி அவரிடம் நிறையப் பேசியிருக்கிறேன். பிளேடு ஒரு பக்கமாகத்தான் சாய்ந்திருக்கும், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிறுத்தித் தூக்கினால் பஸ் போகிற ரோடே முடியாது. பெரிய ரோடும் பள்ளி பஸ் போகும் வழியும் முதலில், சின்னத் தெரு கடைசியில். அதனால் அவர் மேல் கோபப்பட வேண்டாம், ராத்திரி முழுக்க தூங்காமல் ஓட்டுகிறார்கள்.

வழி உண்டு. டிரைவ்வேயில் நின்று ரோட்டைப் பாருங்கள். வண்டி உங்கள் இடது கைப் பக்கமிருந்து வரும். அந்த இடது பக்கம், ரோட்டு ஓரத்தில், பத்துப் பன்னிரண்டு அடி நீளத்துக்குப் பனியை எடுத்து ஒரு குழி மாதிரி காலி செய்து வையுங்கள். பிளேடில் இருப்பது அதில் கொட்டிவிடும், உங்கள் வாசலுக்கு வரும்போது பாதி காலி. அள்ளுகிற பனியை எல்லாம் வலது பக்கம் குவியுங்கள். ரோட்டின் குறுக்கே எதிர்ப்பக்கம் தள்ளாதீர்கள், அது சட்டப்படி தப்பு, இருட்டில் வருகிறவன் அதில் ஏறினால் கவிழ்வான். கடைசி ஐந்தடியைக் கவுண்டி வண்டி இரண்டாம் தடவை போன பிறகு எடுங்கள்.

மலைக்குப்_புதுசு:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மாலை ஐந்து மணிக்கு எழுதுகிறேன், பனி மூன்று மணிக்கு நின்றது, மொத்தம் 31 அங்குலம்.

போல்டர் அக்கா சொன்னதைப் படித்ததும் முதலில் பின்பக்கம் ஓடினேன். புகைக்குழாயின் வாய் பாதி மூடியிருந்தது. பனிக்குள் கையளவு ஒரு ஓட்டை மட்டும், அதைச் சுற்றி மஞ்சளாக ஐஸ். உடம்பெல்லாம் நடுங்கிவிட்டது. அதைத் திறந்துவிட்டு, உள்ளே கார்பன் மோனாக்ஸைடு அலாரத்தில் பட்டன் அமுக்கிச் சத்தம் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் ஷவலைத் தொட்டேன். அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

டிரைவ்வே வடக்கு பார்த்தது, அதனால் தார் வரைக்கும் எடுத்தே ஆக வேண்டியிருந்தது. எண்ணெய் ஸ்ப்ரே நன்றாகவே வேலை செய்கிறது, இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை அடிக்க வேண்டும், அவ்வளவுதான். நாலு மணி நேரம், நடுவில் மூன்று தடவை உட்கார்ந்தேன். எதிர்வீட்டு அம்மா பெரிய பெட்ரோல் ப்ளோவரோடு வந்து கடைசிப் பதினைந்தடியைப் பத்து நிமிடத்தில் முடித்துக் கொடுத்தார், எட்டு மாதத்தில் இன்றைக்குத்தான் அவரோடு பேசுகிறேன். அப்பா வெளியே வரவில்லை. ஜன்னலில் நின்றபடி நான் நிமிர்ந்த ஒவ்வொரு தடவையும் டம்ளரைத் தூக்கிக் காட்டினார், சுக்குக் காப்பி.

இடது பக்கக் குழியும் வெட்டி வைத்திருக்கிறேன். கவுண்டி வண்டி இன்னும் இரண்டாம் தடவை வரவில்லை.