புதுப்பிப்பு: பிஎஸ்எஸ்இ-யில் இருந்து பைதனால் பஸ் வோல்டேஜ் எடுப்பது, சரிவந்தது

போன கிழமை கேட்டிருந்தேன், பிஎஸ்எஸ்இ என்ற மின்வலையமைப்பு ஆய்வு மென்பொருளில் உள்ள சுன்னாகம் பக்கத்து 132 கேவி மாதிரியில் பைதன் எடுத்துத் தரும் வோல்டேஜ்கள் பஸ் (மின்தடங்கள் சந்திக்கும் இடம்) இலக்கங்களோடு பொருந்தவில்லை என்று. உதவிய எல்லாருக்கும் நன்றி. எந்த பஸ்களை எடுப்பது என்று சொல்லும் ஃபிளாக் எண்ணைப் பார்க்கச் சொன்ன அண்ணை சொன்னதுதான் சரி: இலக்கம் எடுக்கும் ஏபஸ்இன்ட் கட்டளைக்கு 2 (எல்லா பஸ்ஸும்), வோல்டேஜ் எடுக்கும் ஏபஸ்ரியலுக்கு 1 (இயங்குபவை மட்டும்) என்று கொடுத்திருந்தேன், அதனால் நிறுத்தி வைத்த முதல் பஸ்ஸுக்குப் பிறகு பட்டியல் முழுக்கத் தள்ளிப்போயிருக்கிறது. என்ர கவலையீனம்தான். இரண்டிலும் 1 போட்டதும் பொருந்தியது.

எதிர்பாராதது ஒன்று: லோட் ஃப்ளோ (வோல்டேஜ்களைச் சுற்றுச் சுற்றாகக் கணிப்பது) ஒரு விடைக்கு ஒருங்காமல் நின்றாலும் ஏபஸ்ரியல் பிழை காட்டாமல் கடைசிச் சுற்றின் எண்களைத் தந்துவிடும், ஆகவே சால்வ்ட் அழைப்பு 0 (ஒருங்கியது) தருகிறதா என்று முதலில் பாருங்கள். விடை பட்டியலுக்குள் பட்டியலாக வரும், உள்பட்டியலை எடுக்க [0] போட மறக்கவேண்டாம்.