கறுப்பு வெள்ளை டிவியில் நான் பார்த்த நிர்வாணா

நிர்வாணா என்கிற அமெரிக்க ராக் இசைக்குழுவை (பேண்டை) நான் முதன்முதலில் பார்த்தது நிறமே இல்லாமல். அந்த ஒரே காரணத்தால் ரொம்ப நாள் என் மனதில் இருந்தது வேறு ஒரு நிர்வாணா. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

1992 கடைசியில் இருக்கும். திருச்சியில் எங்கள் தெருவுக்குக் கேபிள் வந்த புதிது. வீட்டில் இருந்தது 14 இஞ்ச் கறுப்பு வெள்ளை டிவி, சேனல் மாற்ற வேண்டுமென்றால் குமிழைக் கடகடவென்று திருக வேண்டும், அந்தச் சத்தத்துக்கே அப்பா முழித்துவிடுவார் என்பதால் சாயங்காலமே எம்டிவி என்கிற பாட்டுச் சேனலில் வைத்துவிட்டு எல்லோரும் தூங்கின பிறகு போய் உட்காருவேன். ஒருநாள் ராத்திரி, ஒரு கேன்வாஸ் ஷூ தரையில் தாளம் தட்டுவதில் ஆரம்பித்தது அந்தப் பாட்டு. 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்'. பள்ளிக்கூட ஜிம், படிப்படியான பெஞ்சுகளில் பையன்களும் பெண்களும், முன்னால் சியர்லீடர்கள், ஒரு ஓரத்தில் துடைப்பத்தோடு ஆடுகிற துப்புரவுப் பணியாளர். பாடுகிறவரின் முகம் பாதி நேரம் முடிக்குள்தான் இருந்தது. எல்லாமே சாம்பல். தூர்தர்ஷனில் போடுகிற பழைய செய்திப்படம் மாதிரி இருந்ததால், எங்கேயோ ஒரு பள்ளியில் நிஜமாகவே கலவரம் நடந்திருக்கிறது, அதை யாரோ படம் பிடித்துவிட்டார்கள் என்றே நான் நம்பினேன். இந்த மூன்று பேரும் ஏதோ பெரிய துக்கத்தில் இருப்பவர்கள் என்றும் முடிவு பண்ணிக்கொண்டேன்.

1994 ஏப்ரலில் நிர்வாணாவின் பாடகர் கர்ட் கோபேன் இறந்தார். அந்தக் கோடை லீவுக்கு பெங்களூரில் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே கலர் டிவி. பெரியப்பா பையனும் நானும் உட்கார்ந்திருந்தபோது அதே பாட்டு வந்தது, எனக்குச் சட்டென்று அடையாளமே தெரியவில்லை.

"அண்ணா, இது மஞ்சளா?"

"என்னடா கேக்கறே, எப்பவுமே மஞ்சள்தானே. புகையைப் பாரு, புகையே மஞ்சள்."

பழைய மர அலமாரியின் வார்னிஷ் நிறம் இருக்குமே, அந்தப் பழுப்பு மஞ்சள். காற்றே இல்லாத அறைக்குள் நூறு பேரை அடைத்து வைத்த மாதிரி. நான் துக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தது புழுக்கம்! கோபேனின் தோல் மஞ்சள் காமாலை வந்தவரின் தோல் மாதிரி இருந்தது, அந்தக் கோடு போட்ட சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. அந்தப் பேண்ட் துக்கப்படவில்லை, மூச்சு முட்டிப்போய்க் கத்துகிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. பாட்டு ஒரு சுரம்கூட மாறவில்லை. ஆனால் எனக்கு வேறு பாட்டாகிவிட்டது.

அதை எடுத்தவர் சாமுவேல் பேயர், அதுதான் அவருடைய முதல் மியூசிக் வீடியோ. 1991 ஆகஸ்டில், கலிபோர்னியாவில் ஒரு ஸ்டுடியோவுக்குள் ஜிம் செட் போட்டு எடுத்தது. கலவரம் நிஜம் என்று நான் நம்பினதும் முழுக்கத் தப்பில்லை என்று பிற்பாடு படித்தேன். கூட்டமாக நடிக்க வந்த பிள்ளைகளை மணிக்கணக்காக பெஞ்சிலேயே உட்கார வைத்திருக்கிறார்கள், அலுத்துப்போயிருக்கிறார்கள், கடைசியில் கோபேன் கேட்டுக்கொண்டதால் கீழே இறங்க விட்டதும் அவர்கள் செட்டை நிஜமாகவே உடைத்திருக்கிறார்கள். முடிவில் கோபேனின் முகம் கேமராவுக்கு ரொம்பக் கிட்டத்தில் வருமே, அதுவும் எடிட்டிங்கில் கோபேன் தலையிட்டுச் சேர்த்ததுதான். பாட்டு முழுக்க மூடியே இருந்த முகம் கடைசியில் ஒரு நொடி நம்மைப் பார்ப்பது அவர் எடுத்த முடிவு என்று தெரிந்த பிறகு அந்த இடத்தை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடிவதில்லை.

அடுத்தது 'இன் ப்ளூம்'. இதிலும் எனக்கு அதே கதிதான். பெங்களூரில் அது வந்ததும் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். எங்கள் வீட்டு டிவியில் நான் அதைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன், ஒரு தடவைகூடச் சிரிப்பு வந்ததில்லை. காரணம், கலர் டிவியில் மற்ற எல்லாம் வண்ணமாக ஓடும்போது இது ஒன்று மட்டும் கறுப்பு வெள்ளையில் வரும். 1960களின் அமெரிக்க டிவி ஷோக்களை அப்படியே நகல் எடுத்து, கோட் சூட் போட்டு, படிய வாரின தலையோடு, நல்ல பிள்ளைகள் மாதிரி மூன்று பேரும் நிற்பார்கள். அப்புறம் பார்த்தால் பெண்கள் போடுகிற கவுனில் வந்து எல்லாவற்றையும் போட்டு உடைப்பார்கள். கெவின் கெர்ஸ்லேக் அந்தக் காலத்து டிவி கேமராக்களையே தேடிப் பிடித்து எடுத்தது. முந்தின வீடியோ தங்கள் மேல் ஒட்டிவிட்டுப் போன முகத்தைத் தாங்களே கிழிக்கிறார்கள் என்றுதான் நான் அதை எடுத்துக்கொள்கிறேன். எல்லாமே கறுப்பு வெள்ளையாகத் தெரிகிற ஒரு டிவியில் அது எப்படிப் புரியும்? இந்த வீடியோவுக்காக முடியை வெட்டிக்கொண்ட, பேண்டின் பேஸ் கிடார்காரர் கிறிஸ்ட் நோவோசெலிக் அது பிடித்துப்போய் அப்படியே வைத்துக்கொண்டாராம், எனக்கு ரொம்பப் பிடித்த தகவல் இது.

'ஹார்ட் ஷேப்டு பாக்ஸ்' பற்றி எழுதினால் எழுதிக்கொண்டே போவேன். 1993, ஆன்டன் கோர்பைன் எடுத்தது. கலரில் படம் பிடித்து, அதைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி, அதன் மேல் ஒவ்வொரு ஃப்ரேமாகக் கையால் வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். அவ்வளவு பேர் உட்கார்ந்து பூசின வண்ணத்தில் ஒரு துளிகூட எங்கள் வீட்டுக்கு வந்து சேரவில்லை. சிலுவையில் ஒரு கிழவர் தொங்குவது, காக்காய்கள், ஒரு சின்னப் பெண் மரத்திலிருந்து எதையோ எட்டி எட்டிப் பறிக்கப் பார்ப்பது, இதெல்லாம் தெரிந்தது. தரை முழுக்க இருந்த பாப்பிப் பூக்கள் எனக்கு வெறும் கறுப்புப் புள்ளிகள். அது ரத்தச் சிவப்பு என்று தெரிந்த அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது, மிட்டாய்க் கடை மாதிரி வண்ணம், அதற்குள் இப்படி ஒரு பாட்டு.

போன மாதம் ஒரு காரியம் செய்தேன். கம்ப்யூட்டரில் நிற அளவை சுத்தமாகக் குறைத்துவிட்டு வரிசையாக வீடியோக்கள் பார்த்தேன். ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் என்கிற இரண்டு பேர் பேண்டின் 'செவன் நேஷன் ஆர்மி' வந்தபோது அந்தப் பேண்டையே காணவில்லை. சிவப்பு, வெள்ளை, கறுப்பு, இந்த மூன்றை விட்டு வெளியே போகாமல் உடை, மேளம், ஆல்பம் அட்டை என்று எல்லாவற்றையும் கட்டினவர்கள் அவர்கள். சிவப்பு சாம்பலானதும் வெறும் முக்கோணங்களும் இரண்டு மனிதர்களும்தான் மிச்சம். அடுத்து 'டீன் ஸ்பிரிட்' போட்டேன். திருச்சி வீட்டுக் கூடம் அப்படியே திரும்பி வந்தது, உள்ளே அப்பாவின் குறட்டைகூடக் கேட்ட மாதிரி இருந்தது.

இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பாட்டைக் கேட்டால் எனக்கு முதலில் வருவது மஞ்சள் இல்லை, சாம்பல்தான். உங்களில் யாராவது கறுப்பு வெள்ளை டிவியில் எம்டிவி பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள், எந்தப் பேண்டை எந்த நிறத்தில் நினைத்துக்கொண்டிருந்தீர்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப ஆசை.