நின்ற நிலையில் கியர் விழ மறுக்கிறது: கோளாறு கிளட்ச்சிலா, கியர் பாக்ஸிலா?

கேள்வி:
ஐந்து கியர் கொண்ட, ஹைட்ராலிக் (திரவ அழுத்தத்தால் இயங்கும்) கிளட்ச் உள்ள என் காரில் சில வாரங்களாகக் கியர் போடுவது கடினமாகிக்கொண்டே வருகிறது. வண்டி நிற்கும்போது முதல் கியருக்கு லீவரை அழுத்தித் தள்ள வேண்டியிருக்கிறது. ரிவர்ஸ் போட்டால் சில வேளைகளில் பற்கள் உரசும் ஒலி எழுகிறது. ஓடும்போது மேல் கியர்களுக்கு மாறுவதில் அவ்வளவு சிரமமில்லை. பணிமனையில் காட்டியபோது, ஓட்டிப் பார்க்காமலேயே சின்க்ரோ வளையங்கள் (கியர் விழும் முன் சுழலும் பாகங்களின் வேகத்தைச் சமப்படுத்துபவை) தேய்ந்துவிட்டன என்றும் கியர் பாக்ஸை இறக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். அதற்கு ஒப்புக்கொள்ளும் முன் நானே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் உண்டா?

மறுமொழி 1:
முதலில் இன்ஜினை அணைத்துவிட்டு எல்லாக் கியர்களையும் போட்டுப் பாருங்கள். அப்போதும் லீவர் இறுக்கமாக இருந்தால் லீவரிலிருந்து கியர் பாக்ஸுக்குச் செல்லும் கேபிள், அதன் புஷ்கள், உள்ளே கியரைத் தேர்ந்து நகர்த்தும் செலக்டர் தண்டு ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். இன்ஜின் அணைந்திருக்கையில் இலகுவாக விழும் கியர், இன்ஜின் ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால், பெடலை முழுவதும் மிதித்தும் கிளட்ச் முற்றாக விடுபடவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். கிளட்ச் தட்டு சிறிதளவு ஒட்டிக்கொண்டிருந்தாலும் இன்ஜின் கியர் பாக்ஸின் உள்ளீட்டுத் தண்டைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்த முயலும் சின்க்ரோ வளையம் இன்ஜினோடு மல்லுக்கட்ட வேண்டியதாகிறது. பல கார்களில் ரிவர்ஸுக்குச் சின்க்ரோவே கிடையாது என்பதால் உரசல் அங்குதான் முதலில் கேட்கும்.

இதை உறுதிசெய்ய, இன்ஜின் ஐடிலில் ஓடும்போது பெடலை முழுவதும் மிதித்து, சில விநாடிகள் பொறுத்து, அதன்பின் ரிவர்ஸ் போடுங்கள். அத்தனை நேரம் காத்திருந்தும் உரசினால் கிளட்ச் இழுக்கிறது, அதாவது முழுதாக விடுபடவில்லை என்று கொள்ளலாம். சின்க்ரோ தேய்மானம் பொதுவாக ஓட்டத்தில், குறிப்பிட்ட ஒரு கியரில், பெரும்பாலும் இரண்டாவதில், வெளிப்படும். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் அப்படி இல்லை. பெடலுக்கு அடியில் தரைவிரிப்பு மடிந்து கிடக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன்; ஆனாலும் கியர் ஆயிலை மறந்துவிடக் கூடாது. காலையில் முதல் சில நிமிடங்கள் மட்டும் கடினமாக இருந்து, வண்டி சூடானதும் சரியாகிவிட்டால், ஆயில் பழையதாகவோ தேவைக்கு மேல் தடிமனானதாகவோ இருக்கலாம். ஜிஎல்-4 தர ஆயில் கேட்கும் கியர் பாக்ஸில் ஜிஎல்-5 தர ஆயில் ஊற்றுவதும் நல்லதன்று. அதில் கூடுதலாக உள்ள கந்தகச் சேர்க்கைப் பொருள்களில் சில பித்தளை வளையங்களை அரிக்கக்கூடியவை. கையேட்டில் உள்ள தரத்தையும் தடிமனையும் அப்படியே பின்பற்றுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இரண்டு சோதனைகளையும் செய்தேன். இன்ஜின் அணைந்திருக்கையில் எல்லாக் கியர்களும் தடையின்றி விழுகின்றன. ஐடிலில் காத்திருந்து போட்டாலும் ரிவர்ஸ் உரசுகிறது. வண்டி சூடான பிறகும் மாற்றமில்லை. பெடலை அடுத்தடுத்துச் சில முறை மிதித்துவிட்டுப் போட்டால் மட்டும் கியர் எளிதாக விழுகிறது.

மறுமொழி 3:
கடைசியாகச் சொன்னதுதான் முக்கியமான தடயம். மிதிக்க மிதிக்கச் சரியாகிறது என்றால் ஹைட்ராலிக் குழாயில் காற்று புகுந்திருக்க வேண்டும், அல்லது பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரின் உள் சீல் அழுத்தத்தைத் தாங்காமல் விடுகிறது. பல கார்களில் கிளட்ச்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே பிரேக் ஆயில் தொட்டிதான். எனவே அளவு குறைந்திருந்தால் கசிவு எந்தப் பக்கம் என்பதைக் கண்டறியாமல் ஓட்ட வேண்டாம். பெடலின் தண்டு மாஸ்டர் சிலிண்டருக்குள் நுழையும் இடத்தில் கால்பக்கமாக விரலால் தடவிப் பாருங்கள். குழாயின் மறுமுனையில் கிளட்ச்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையையும் சற்றே நீக்கிப் பாருங்கள். இரண்டில் எங்கு ஈரம் இருந்தாலும் அந்தச் சிலிண்டரை மாற்றி, மூடியில் குறிப்பிட்டுள்ள தரத்தில் புதிய ஆயில் ஊற்றிக் காற்றை வெளியேற்ற வேண்டும். வெளியே ஈரமே இல்லாமல், காற்றை வெளியேற்றிய பிறகும் பெடல் மெல்ல அமிழ்ந்தால், மாஸ்டர் சிலிண்டரின் உள்கசிவைச் சந்தேகியுங்கள்.

ஸ்லேவ் சிலிண்டர் வெளியே இல்லாமல் கிளட்ச்சைத் தள்ளி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கோடு சேர்ந்து கிளட்ச் உறைக்குள்ளேயே அமைந்த வகையும் உண்டு. உங்களுடையது அப்படியாக இருந்து, அதுதான் கசிகிறது என்றால், கியர் பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். ஆனால் அதைத் திறந்து சின்க்ரோ வளையங்களை மாற்றத் தேவையில்லை. அப்படி இறக்கும்போது கிளட்ச் தட்டு வளைந்திருக்கிறதா, அது தண்டின் பல்வரிகளில் துருவின்றி வழுக்கிச் செல்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை லீவரை வலிந்து தள்ள வேண்டாம். இப்போது நல்ல நிலையில் உள்ள சின்க்ரோ வளையங்கள் அதனால்தான் தேயும்.