வாசிப்புக் குறிப்பேட்டில் பிழை திருத்த வேண்டுமா?

மேலூர் ஆசிரியை: ஏழாம் வகுப்பில் வாரம் ஒரு நாள், வாசித்ததைப் பற்றி மனதில் தோன்றியதைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்கிறேன். கதைச் சுருக்கம் வேண்டாம், மதிப்பெண்ணும் கிடையாது. கண்ணகி மதுரையை எரித்த பகுதியை வாசித்தோம். அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் முதலியோரை விட்டுவிடும்படி அவள் தீக்கடவுளிடம் சொல்வதாகச் சிலம்பில் வருகிறது அல்லவா? ஒரு மாணவி எழுதியிருந்தாள்: "குழந்தையை விட்டுவிட்டு அதன் அப்பா எறிந்துவிட்டால் அதற்கு யார் சோறு போடுவார்கள்?" பல ஆண்டுகளாக இதை நடத்துகிறேன். எனக்கு இந்தக் கேள்வி தோன்றியதே இல்லை.

உசிலம்பட்டி அப்பா: கேள்வி நல்ல கேள்விதான், டீச்சர். ஆனால் 'எரிந்து' என்பதை 'எறிந்து' என்று எழுதியிருக்கிறாள். எரிவது வேறு, எறிவது வேறு. என் மகனுக்கும் இப்படித்தான் திருத்தாமல் விட்டார்கள். பத்தாம் வகுப்புக்கு வந்தபின் ரகர றகரத்துக்காக இரவு பதினொரு மணி வரை அவனோடு உட்கார்ந்திருக்கிறேன். எனக்குத் தெரிந்ததால் ஆயிற்று. சொல்லிக்கொடுக்க ஆளில்லாத வீட்டுப் பிள்ளை எங்கே போகும்?

மேலூர் ஆசிரியை: சிவப்பு மையால் சுழித்தால், அடுத்த வாரம் அவள் எழுத்துப் பிழை வராத சொற்களாகப் பார்த்து எழுதுவாள், ஐயா. அதனால் கீழே பென்சிலால் இப்படி எழுதினேன்: "அப்பா எரிந்துவிட்டால் என்று கேட்கிறாயே, கண்ணகிக்கு அது ஏன் தோன்றவில்லை?" சரியான சொல்லை என் கையெழுத்தில் பார்க்கிறாள். சொல்வதெழுதுதல் தனியாக நடக்கிறது.

செல்லூர் தமிழாசிரியர் (ஓய்வு): நம் மதுரை நச்சினார்க்கினியர் தொல்காப்பிய உரையில் தமக்கு முன் அதற்கு உரை எழுதிய இளம்பூரணரையே மறுக்கிறார். நூலைக் கரைத்துக் குடித்தபின் மறுக்கிறார், அம்மா. வாசிக்கவே திணறும் பிள்ளையிடம் கருத்துக் கேட்டால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத்தான் எழுதும். அதிகாரி பார்வையிட வருகிறார் என்றால் கரும்பலகையில் நான்கு வரி எழுதிப்போடுவோம், நாற்பது குறிப்பேட்டிலும் அதே நான்கு வரி இருக்கும். நானும் எழுதிப்போட்டிருக்கிறேன். இன்றும் வருந்துகிறேன்.

மேலூர் ஆசிரியை: அந்த அச்சம் எனக்கும் உண்டு. முதல் மாதம் எல்லோரும் "கதை மிகவும் பிடித்திருந்தது" என்றே எழுதினார்கள். "எந்த இடம்?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டுத்தான் மாறியது. திணறும் ஆறு பேருக்கு நானே வாசித்துக் காட்டுகிறேன். அவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். அவர்களுக்குக் கருத்து இல்லாமல் இல்லை, ஐயா.

உசிலம்பட்டி அப்பா: சொல்வதெழுதுதல் மட்டும் போதாது என்றே இன்னமும் நினைக்கிறேன். இருக்கட்டும், நீங்கள் பென்சிலால் கேட்டதற்கு அந்தப் பெண் என்ன எழுதினாள்?

மேலூர் ஆசிரியை: "கண்ணகிக்குக் குழந்தை இல்லையே, டீச்சர்."