மவுண்டுக்கு ‘ஆடுகால்’: ஒரு முன்மொழிவு

குழும நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தொலைகாட்டிக் குழாயை ஏந்தி நின்று வேண்டிய பக்கம் திருப்ப உதவும் அமைப்பான மவுண்டுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று தொடங்கிய இழை ‘தாங்கி’ என்ற சொல்லில் வந்து நிற்கிறது. பலரும் சரி என்று சொல்லிவிட்டார்கள். அது முடிவாகிவிடுமுன் என் மறுப்பையும் மாற்றுச் சொல்லையும் வைக்க விரும்புகிறேன். கிளிநொச்சியில் பாடசாலை மாணவர்களோடு சேர்ந்து ஆறு அங்குல ஆடித் தொலைகாட்டி ஒன்றுக்கு மரத்தால் மவுண்ட் செய்துகொண்டிருக்கிறோம். செய்முறையைக் கைநூலாக எழுதி மற்றப் பாடசாலைகளுக்கும் கொடுக்கும் எண்ணம் இருக்கிறது. ஆகவே எனக்குத் தேவைப்படுவது பட்டறையில் உரக்கச் சொல்லி வேலை வாங்கக்கூடிய சொல். தச்சருக்கும் விளங்க வேண்டும், பத்தாம் வகுப்பு மாணவிக்கும் விளங்க வேண்டும்.

தொலைகாட்டியா தொலைநோக்கியா என்ற பழைய வழக்கை இங்கே திறக்க வேண்டாம். இலங்கைப் பாடநூல்களில் தொலைகாட்டி என்றே இருக்கிறது. நானும் அப்படியே எழுதுகிறேன்.

கனடாவிலிருந்து எழுதிய அண்ணன் ‘தாங்கி’ எளிய சொல், எவருக்கும் புரியும் என்றார். புரியும் அண்ணா, ஆனால் வேறொன்றாகப் புரியும். வன்னியில் தாங்கி என்றால் தண்ணீர்த் தாங்கி. கிளிநொச்சியில் அந்தச் சொல்லைக் கேட்ட எவருக்கும் போரில் அடியோடு சரிந்து கிடந்த அந்தப் பெரிய நீர்த்தாங்கிதான் கண்முன் வரும். எண்ணெய்த் தாங்கியும் யுத்த தாங்கியும் செய்தித்தாள்களில் இருக்கின்றன. இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று: இயந்திரவியலில் சுழலும் உறுப்பை ஏந்தும் பெயரிங்குக்கு ஏற்கெனவே தாங்கி என்று எழுதுகிறார்கள். மவுண்டின் உயிரே அதன் பெயரிங்கில் இருக்கிறது. ‘தாங்கியின் தாங்கிகளைத் துடைத்து வை’ என்று கைநூலில் எழுத என்னால் முடியாது.

சென்னையிலிருந்து எழுதிய அம்மையார் சொன்ன ‘பீடம்’ அழகான சொல். ஆனால் பீடத்தில் வைத்தது அசையாது. பலிபீடமும் விஞ்ஞான பீடமும் அந்தப் பொருளிலேயே வேர்விட்டுவிட்டன. மவுண்ட் செய்யும் வேலையில் பாதியை அந்தச் சொல் மறுத்துவிடுகிறது.

அந்த வேலை என்ன என்று ஒருமுறை பார்த்துக்கொள்வோம். எங்கள் ஆடியின் குவியத்தூரம் 1200 மில்லிமீற்றர். கண்ணை வைத்துப் பார்க்கும் வில்லையான பார்வைத்துண்டு, 10 மில்லிமீற்றர் அளவில் ஒன்றைப் பொருத்தினால் 120 மடங்கு உருப்பெருக்கம். அப்போது கண்ணுக்குத் தெரியும் வானத்தின் அகலம் அரைப் பாகைக்கும் குறைவு. முழு நிலவுகூட ஒரே பார்வையில் அடங்காது. பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதால், வான நடுவரைக்கு (பூமியின் நடுவரைக்கு நேர் மேலே வானத்தில் ஓடும் கோட்டுக்கு) அருகிலுள்ள ஒரு விண்மீன் அந்த வட்டத்தை இரண்டு நிமிடத்துக்குள் கடந்து போய்விடும். பார்ப்பவர் குழாயை விரலால் மெல்லத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். தள்ளும்போது வழுக்கிக்கொண்டு போக வேண்டும், கையை எடுத்ததும் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். இங்கே வானம் தெளியும் மாதங்களில் சோளகக் காற்றும் சேர்ந்தே வருகிறது. அந்தக் காற்றிலும் நிற்க வேண்டும். உறுதி, அசைவு இரண்டையும் ஒரே மரத்தில் கேட்கிறோம்.

அந்த இரண்டையும் ஒரே மரத்தில் கேட்ட பொறி ஒன்று நம்மிடம் ஏற்கெனவே இருந்தது. கிணற்றுத் துலாதான் அது. தமிழ்நாட்டு நண்பர்கள் ஏற்றம் என்பீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டங்களில் வன்னிக்கு வந்தவர்கள் கிணறு வெட்டிய இடமெல்லாம் துலாவையும் நாட்டினார்கள். கிணற்றருகே இரண்டு மரங்களை ஆழக் கிடங்கு வெட்டி நட்டு, அவற்றின் தலையில் குறுக்கே அச்சுலக்கையைப் போட்டு, அதன்மேல் துலாவை ஏற்றுவார்கள். முன்நுனியில் கொடியும் நீர் அள்ளும் பட்டையும் தொங்கும், பின்நுனியில் பாரம் இருக்கும். பாரம் சரியாக அமைந்துவிட்டால் ஒரு சிறுமிகூட நிறைந்த பட்டையை மேலே கொண்டுவந்துவிடுவாள். அந்த இரண்டு மரங்களுக்கும் பெயர் ஆடுகால். தொலைகாட்டிக் குழாயும் ஒரு துலாதான். அதன் ஈர்ப்பு மையத்தில் இரு பக்கமும் வட்டமான பலகைகளை அறைந்து, அந்த வட்டங்களை இரண்டு நிலைப்பலகைகள்மேல் இருத்துகிறோம். குழாய் மேலும் கீழும் ஆடுகிறது, பலகைகள் நிற்கின்றன.

ஆகவே மவுண்டுக்கு ‘ஆடுகால்’ என்று முன்மொழிகிறேன்.

எழக்கூடிய தடைகளை நானே எடுத்துக்கொள்கிறேன். ஆடுகால் என்றால் ஆட்டம் காணும் கால் என்று தோன்றாதா, ஆடுகிற மவுண்ட் எவருக்கு வேண்டும் என்று எங்கள் பட்டறையிலேயே ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்வி. ஆடுகளம் ஆடுவதில்லை, ஆடரங்கு ஆடுவதில்லை. ஆட்டம் அங்கே நடக்கிறது. கிணற்றடி ஆடுகாலும் ஆடியதில்லை. ஆடியிருந்தால் துலாவில் ஏறி மிதித்தவர் கிணற்றுக்குள் விழுந்திருப்பார். வினைத்தொகை தரும் இந்த நெகிழ்வு தமிழின் பெரிய வசதி, அதைக் கலைச்சொல்லில் பயன்படுத்தத் தயங்கவே கூடாது. ஆட்டுக்காலோடு குழம்பும் என்ற அச்சமும் வேண்டாம். விலங்கின் கால் ஒற்று இரட்டித்து ஆட்டுக்கால் ஆகிறது, மரத்தின் கால் இரட்டிக்காமல் ஆடுகாலாகவே நிற்கிறது.

மவுண்ட் பெட்டி வடிவில் இருக்கிறதே, அதைக் கால் என்று சொல்லலாமா என்பது இன்னொரு தடை. பந்தற்கால், கட்டிற்கால் என்று ஏந்தி நிற்பதையெல்லாம் கால் என்றே சொல்லி வந்திருக்கிறோம். பெட்டியின் இரு பக்கப் பலகைகள் அச்சொட்டாக ஆடுகால்கள். உறுப்பின் பெயரால் முழுப்பொருளைச் சொல்வது சினையாகுபெயர்; தலைக்கு இவ்வளவு என்று ஆளைக் கணக்கிடுகிறோமே, அதுபோல. மேலும், முக்காலி என்ற சொல்லை நாம் இழக்க வேண்டியதில்லை. முக்காலி நிலத்தில் நிற்பது, ஆடுகால் அதன்மேல் இருந்து திருப்புவது. ஆங்கிலத்தில் எழுதுபவர்களே சில வேளை கலந்துவிடும் வேறுபாடு இங்கே சொல்லிலேயே தெளிவாகிறது.

துலாவையே பார்த்திராத பிள்ளைகளுக்கு ஆடுகால் என்ன சொல்லும் என்பதுதான் உண்மையில் கனமான தடை. நீர் இறைக்கும் இயந்திரம் வந்த பின் துலா அரிதாகிவிட்டது. போருக்குப் பின் திரும்பியவர்கள் தூர்ந்த கிணறுகளை இறைத்தார்கள், ஆடுகாலை மீண்டும் நடவில்லை. ஆனாலும் சொல் இறக்கவில்லை. வீட்டில் அம்மம்மாவிடமோ அப்பப்பாவிடமோ கேட்டுவா என்று அனுப்பினால் பிள்ளைகள் படத்தோடு திரும்பி வருகிறார்கள். புதிதாகச் செய்த எந்தச் சொல்லுக்கும் இந்தத் துணை கிடைக்காது. மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884) காலத்திலிருந்து நம் மண்ணில் கலைச்சொல்லாக்கம் நடந்துவருகிறது. வழக்கில் உள்ள சொல்லைத் தேடிப் பார்க்காமல் புதிது செய்வது அந்த மரபுக்குப் பொருந்தாது.

நாங்கள் செய்வது ஜோன் டொப்சன் (1915–2014) வடிவமைத்த முறை. சான் பிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்தில் இருபதாண்டுகளுக்கு மேல் இராமகிருஷ்ண மரபுத் துறவியாக இருந்தவர். கையில் பணமில்லாமல் பழைய கப்பல் சாளரக் கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்தார், தடித்த கடதாசிக் குழாயையும் ஒட்டுப்பலகையையும் கொண்டு மற்றதைச் செய்தார், தெருவோரத்தில் நிறுத்திப் போவோர் வருவோருக்கெல்லாம் சனியின் வளையத்தைக் காட்டினார். பீரங்கிகளும் நூற்றாண்டுகளாக இதே முறையில்தான் ஏற்றப்பட்டன என்று அவரே சொல்லியிருக்கிறார். அதைப் பிடித்துக்கொண்டு பீரங்கி வண்டியிலிருந்து ஒரு சொல்லை எடுக்கலாம் என்று இந்த இழையில் ஒருவர் எழுதியிருந்தார். வன்னியில் பிள்ளைகள் கையில் கொடுக்கும் சொல்லுக்குப் பீரங்கியைத் தேடிப் போக எனக்கு மனமில்லை. கிணற்றடியில் சொல் இருக்கும்போது தேவையுமில்லை.

உறுப்புகளின் பெயர்களுக்கு வருகிறேன். நிலைப்பலகைகள் சேர்ந்து குழாயை ஏந்தும் பெட்டியான ரொக்கர் பொக்ஸ் என்பதற்கு ‘ஆடுபெட்டி’. தொட்டில் என்று சொன்னவர்களின் ஆசை புரிகிறது, ஆனால் தொட்டில் தொங்குவது, இது இருப்பது. குழாயின் பக்கங்களில் அறையும் வட்டப் பலகைக்குத் ‘தோள்வட்டு’. அச்சுலக்கை என்றே வைக்கலாமா என்று நெடுநேரம் யோசித்தேன். டொப்சன் முறையில் குறுக்கே ஓடும் தண்டு இல்லை, ஒளி குழாய்க்குள்ளே போக வழி விட வேண்டும். எனவே அச்சுலக்கை பொருந்தாது. ஆனால் ஏற்ற அச்சு என்ற, குழாய் மேலும் கீழும் சுழலும் கற்பனைக் கோட்டை மாணவர்களுக்கு விளக்கும்போது அந்தச் சொல் மிகவும் உதவுகிறது. அடியில் கிடப்பது ‘தரைப்பலகை’; இதில் கருத்து வேறுபாடு இருக்காது.

ஆடுபெட்டி கிடைத்தளத்தில் திரும்புவதற்குத் துலாவில் ஒப்பு இல்லை, துலா ஒரே திசையில்தான் ஆடும். இந்த இடத்தில் கதவு கைகொடுக்கிறது. பழைய வீடுகளில் பிணைச்சல் இல்லாத கதவுகள் மேலும் கீழும் குடுமி வைத்துச் சுழலும். தரைப்பலகையின் நடுவில் நிற்கும் ஆணிக்குச் ‘சுழியாணி’ என்ற சொல் அங்கிருந்தே கிடைக்கிறது.

தோள்வட்டின் விளிம்பிலும் ஆடுபெட்டியின் அடியிலும் மேசைகளில் ஒட்டும் போர்மிக்காத் தகட்டை ஒட்டி, அது டெப்லோன் என்ற வழுக்கும் பிளாஸ்டிக் துண்டுகள்மேல் உட்காருமாறு செய்கிறோம். டெப்லோன் கிடைக்காதபோது சமையலறையில் காய் வெட்டும் கெட்டியான பிளாஸ்டிக் பலகையை அறுத்து வைப்பவர்களும் உண்டு. தரைப்பலகையில் மூன்று துண்டுகள், ஒவ்வொன்றும் அந்தப் பலகையின் அடியிலுள்ள ஒரு காலுக்கு நேர் மேலே. அப்படி வைத்தால் பலகை வளையாது. இந்தத் துண்டுக்கு ‘வழுக்குத்துண்டு’ போதும். ஏன் டெப்லோன் என்பதில்தான் முழு நுட்பமும் இருக்கிறது. பெரும்பாலான பரப்புகளில் நிலையியல் உராய்வு இயக்க உராய்வைவிடக் கூடுதல். தள்ளினால் முதலில் நகராது, பிறகு திடீரென்று பாய்ந்துவிடும், பார்த்துக்கொண்டிருந்த வியாழன் வட்டத்துக்கு வெளியே போய்விடும். டெப்லோனில் இவை இரண்டும் ஏறக்குறைய ஒன்று. அந்தப் பாய்ச்சலுக்குத் ‘திக்கல்’ என்று ஒருவர் சொன்னார். திசைக்கோணம் பற்றிப் பேசும் இடத்தில் திக்கு என்ற ஒலி குழப்பும். ‘விக்கல்’ என்று வைப்போம். ‘ஆடுகால் விக்குகிறது’ என்றால் எங்கள் தச்சர் உடனே தோள்வட்டைத் தடவிப் பார்க்கிறார்.

இன்னொரு சொல் வன்னிக்கே மிகவும் வேண்டியது. இவ்வகை ஆடுகாலில் நேர் உச்சிக்கு அருகே பார்ப்பது கடினம். குழாய் செங்குத்தாக நிற்கும்போது அதைத் தள்ளினால் பெட்டி திரும்பாது, தள்ளும் கைக்குத் திருப்பம் கிடைக்காது. உச்சியைக் கடக்கும் பொருளைத் தொடர வேண்டுமானால் பெட்டியைச் சில நிமிடங்களுக்குள் ஏறக்குறைய அரைச் சுற்றுத் திருப்ப வேண்டும். நாங்கள் இருப்பது 9 பாகை வட அகலக்கோட்டில். திருவோண விண்மீன் மாங்குளத்தில் நேர் உச்சியிலிருந்து ஒரு பாகைகூட விலகாமல் கடக்கிறது. திருவாதிரை இரண்டு பாகைக்குள் கடக்கிறது. பிள்ளைகளுக்குப் பெயர் தெரிந்த விண்மீன்களே இந்தச் சிக்கலில் மாட்டுகின்றன. ஆங்கிலத்தில் டொப்சனின் துளை என்கிறார்கள். அது துளை அல்லவே. ‘உச்சிமுடக்கம்’ என்று சொல்லலாம்.

இதைக் கேட்டதும் துருவ அச்சு முறைக்குப் போகலாமே என்று சிலர் சொல்வார்கள். அந்த அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாக வைக்க வேண்டும். இங்கே அது 9 பாகைதான் சரியும், ஏறக்குறையப் படுத்தே கிடக்கும். விற்பனைக்கு வரும் பல ஆடுகால்கள் அவ்வளவு தாழ இறங்காது. குறிபார்க்க வேண்டிய துருவ விண்மீனோ வடக்கே பனை வரிசைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. நமக்கு டொப்சன் முறையே பொருத்தம். ஆனால் சொல் இரண்டுக்கும் இடம் கொடுக்க வேண்டும், கொடுக்கிறது: டொப்சன் ஆடுகால், துருவ அச்சு ஆடுகால், மேல்கீழாகவும் கிடையாகவும் திரும்பும் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஏற்றத்திசை ஆடுகால். வேற்றுமை உருபு சேர்ந்தாலும் நாவில் தடுக்கவில்லை.

மரத்தைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். முதிரையும் பாலையும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் நாங்கள் 18 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகைதான் எடுத்தோம். பாலையில் ஆணி இறங்காது, முதிரையின் பாரத்தை மாணவர்கள் தூக்க முடியாது, இரண்டுக்காகவும் காட்டில் கைவைப்பதும் சரியல்ல. மாரி தொடங்குமுன் விளிம்புகளுக்கு வார்னிஷ் பூசாவிட்டால் பலகை ஊதிவிடும். தரைப்பலகையைக் கறையானுக்கும் காத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு சொல் இன்னும் அகப்படவில்லை. சுழியாணி இறங்கி நிற்கும் அந்தக் குழிக்கு எங்கள் தச்சர் வெறுமனே ‘குழி’ என்கிறார். ஆடியின் குழிவோடு அது கைநூலில் மோதுகிறது. மன்னார், முல்லைத்தீவுப் பக்கம் பழைய கதவு செய்தவர்கள், வள்ளம் கட்டுபவர்கள், வண்டில் செய்பவர்கள் எவரையாவது அறிந்தவர்கள் கேட்டு எழுதுங்கள். கைநூலின் அந்தப் பக்கத்தை அதுவரை அச்சுக்குக் கொடுக்காமல் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
கிளிநொச்சியிலிருந்து