ராஸ்பெரி பை 4, எல்எம்75 உணரி: டிரைவர் ஏறுகிறது, வெப்பநிலை மட்டும் வரவில்லை

கருங்கோழி:
எல்லாருக்கும் வணக்கம். நாட்டுக்கோழி முட்டைக்கு வீட்டிலேயே ஒரு இன்குபேட்டர் செய்துகொண்டிருக்கிறேன், 37.5 டிகிரியில் நிற்க வேண்டும். ராஸ்பெரி பை 4, ஐ2சியில் (சில்லுகளோடு இரண்டு கம்பியில் பேசும் முறை) ஒரு எல்எம்75 வெப்பநிலை உணரி போர்டு. இதுவரை பைத்தான் ஸ்கிரிப்டில் நேராகச் சில்லைப் படித்தேன், ஓடியது. ஆனால் நான் வைத்திருக்கும் கிராஃப் மென்பொருள் லினக்ஸின் எச்டபிள்யூமான் கோப்புகளைத்தான் (உணரி அளவுகளைக் கெர்னல் காட்டும் கோப்புகள்) படிக்கும். அதனால் கெர்னலிலேயே இருக்கிற எல்எம்75 டிரைவருக்கு மாறலாம் என்று கான்ஃபிக் கோப்பில் ஐ2சி-சென்சர் ஓவர்லேயை (என்ன உணரி மாட்டியிருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்வது) எல்எம்75 என்று சேர்த்து ரீபூட் செய்தேன். டிரைவர் ஏறியிருக்கிறது, பட்டியலில் தெரிகிறது. ஆனால் சென்சார்ஸ் கட்டளை கொடுத்தால் சிபியு வெப்பநிலை மட்டும்தான் வருகிறது. கெர்னல் லாக்கில் 1-004எஃப், பிழை -121 என்று ஒரு வரி. எந்த முகவரியில் சில்லு இருக்கிறது என்று காட்டும் ஐ2சிடிடெக்ட் போட்டால் 48இல் சில்லு தெரிகிறது. சில்லு போய்விட்டதா?

சால்டர்மணி:
சில்லு நன்றாகத்தான் இருக்கிறது நண்பரே. லாக்கில் இருப்பது 4எஃப், உங்கள் சில்லு இருப்பது 48. -121 என்றால் அந்த முகவரியில் கூப்பிட்டேன், யாரும் பதில் சொல்லவில்லை என்று அர்த்தம். எல்எம்75இன் ஏ0, ஏ1, ஏ2 கால்கள் மூன்றும் கிரவுண்டில் இருந்தால் முகவரி 48, மூன்றும் மேலே இருந்தால் 4எஃப். நீங்கள் முகவரி சொல்லாவிட்டால் அந்த ஓவர்லே 4எஃப் என்றுதான் எடுத்துக்கொள்ளும். அதே வரியில் கமா போட்டு ஏடிடிஆர்=0எக்ஸ்48 சேருங்கள்.

தானாகக் கண்டுபிடிக்கக் கூடாதா என்று தோன்றும். எல்எம்75 வகையில் பெரும்பாலானவற்றில் தான் யார் என்று சொல்கிற அடையாளப் பதிவேடே (பதிவேடு என்றால் சில்லுக்குள் இருக்கும் சின்ன நினைவிடம்) கிடையாது. 48இல் ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றுவது) மாதிரி வேறு சில்லுகளும் உட்காரும். கெர்னல் ஊகித்துத் தவறான சில்லில் எழுதிவிட்டால் வம்பு, அதனால் நாம்தான் சொல்ல வேண்டும்.

கருங்கோழி:
வந்துவிட்டது அண்ணே, ரொம்ப நன்றி! இரண்டு விஷயம் மட்டும் இடிக்கிறது. ஐ2சிடிடெக்டில் 48 இருந்த இடத்தில் இப்போது யுயு என்று வருகிறது, பழைய ஸ்கிரிப்ட் சாதனம் பிஸி என்று நின்றுவிடுகிறது. இன்னொன்று, வெப்பநிலை 37.0, 37.5, 38.0 என்று அரை டிகிரியாகத்தான் தாவுகிறது, நடுவில் ஒன்றுமே இல்லை. பழைய ஸ்கிரிப்டிலும் இப்படித்தான் இருந்தது. 37.5ஐ ஒட்டி நிற்கும்போது சூட்டைப் போட்டு நிறுத்துகிற ரிலே டக் டக் என்று அடித்துக்கொண்டே இருக்கிறது.

கெர்னல்_அக்கா:
யுயு கோளாறு இல்லை, அந்த முகவரியை ஒரு டிரைவர் பிடித்துவைத்திருக்கிறது என்று பொருள். இனி ஸ்கிரிப்ட் சில்லைத் தொடக் கூடாது, எச்டபிள்யூமானில் இருக்கும் டெம்ப்1_இன்புட் கோப்பைப் படித்து ஆயிரத்தால் வகுத்தால் போதும். கட்டாயப்படுத்தி இரண்டு பேரும் ஒரே சில்லைத் தொடுகிற வேலை மட்டும் வேண்டாம், ஒருவர் பதிவேட்டை மாற்றியது மற்றவருக்குத் தெரியாது.

அரை டிகிரி விஷயத்துக்கு முன், லென்ஸ் வைத்துச் சில்லின் முதுகில் என்ன அச்சடித்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். போர்டில் எழுதியிருப்பது வேண்டாம், சில்லில் இருப்பது.

கருங்கோழி:
அக்கா, போர்டில் எல்எம்75 என்று இருக்கிறது, சில்லில் டிஎம்பி75 என்று இருக்கிறது!

கெர்னல்_அக்கா:
அதைத்தான் எதிர்பார்த்தேன். பழைய எல்எம்75 9 பிட், அதற்கு அரை டிகிரிதான் படி. டிஎம்பி75 12 பிட் வரை போகும், படி 0.0625 டிகிரி. ஆனால் மின்சாரம் வந்ததும் அதுவும் 9 பிட்டில்தான் எழும், கட்டமைப்புப் பதிவேட்டில் எழுதினால்தான் 12க்கு மாறும். பழைய ஸ்கிரிப்ட் அதை எழுதியிருக்காது. லினக்ஸில் இரண்டுக்கும் ஒரே எல்எம்75 டிரைவர்தான், ஆனால் நீங்கள் கொடுக்கிற பெயரை வைத்துத்தான் எத்தனை பிட் என்று முடிவு செய்கிறது. எல்எம்75 என்றால் 9 பிட்டுக்கு மேல் இருப்பதை வெட்டிவிடும். டிஎம்பி75 என்றால் அதுவே 12 பிட்டுக்கு மாற்றிவைக்கும்.

ஓவர்லே வரியை எடுத்துவிட்டு ரீபூட் செய்யுங்கள் (ஓவர்லே வழியாக வந்ததை டெலீட்_டிவைஸ் கோப்பால் நீக்க முடியாது). அப்புறம் ஐ2சி-1 கோப்புறையில் இருக்கும் நியூ_டிவைஸ் கோப்பில் டிஎம்பி75 0எக்ஸ்48 என்று எழுதுங்கள். எக்கோவுக்கு முன்னால் சுடோ போட்டால் அனுமதி இல்லை என்றுதான் வரும், ஏனென்றால் கோப்பைத் திறப்பது உங்கள் ஷெல், சுடோ இல்லை. எக்கோவை பைப்பில் சுடோ டீக்குக் கொடுங்கள். ரீபூட்டில் இது போய்விடும், அதனால் சிஸ்டம்டியில் (பூட் ஆகும்போது வேலைகளைத் தொடங்கிவைப்பது) ஒரு சின்ன சர்வீஸாக வைத்துக்கொள்ளுங்கள்.

கருங்கோழி:
37437, 37500, 37562 என்று வருகிறது அக்கா! இத்தனை நாள் இது சில்லின் குறை என்றே நினைத்திருந்தேன். இனி எச்டபிள்யூமான்2 என்ற பாதையை ஸ்கிரிப்டில் எழுதிவிடலாமா?

சால்டர்மணி:
அந்த எண்ணை நம்ப வேண்டாம். எது முதலில் ஏறுகிறதோ அதைப் பொறுத்து 1 ஆகலாம், 3 ஆகலாம். ஐ2சி சாதனங்களுக்குக் கீழே 1-0048 என்ற கோப்புறை இருக்கும், அதற்குள் எச்டபிள்யூமான் கோப்புறையைத் தேடி எடுங்கள், அது மாறாது.

இன்னொன்று, முட்டை விஷயம் என்பதால் சொல்கிறேன். 0.0625 என்பது படி மட்டும், துல்லியம் இல்லை. இந்தச் சில்லு உண்மையான வெப்பநிலையைவிட ஒரு டிகிரி கூடவோ குறையவோ காட்டலாம், முட்டைக்கு அது பெரிய வித்தியாசம். காய்ச்சல் பார்க்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டர் சரியாக இந்த 37, 38 பக்கம்தான் நன்றாக அளக்கும். அதைச் சில்லுக்குப் பக்கத்தில் வைத்து வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த டிரைவரில் ஆஃப்செட் கோப்பு கிடையாது, கழிக்க வேண்டியதை உங்கள் ஸ்கிரிப்டில்தான் கழிக்க வேண்டும். ரிலேவுக்கும் 37.4இல் போடு, 37.6இல் நிறுத்து என்று இடைவெளி கொடுங்கள், இப்போதுதான் அதற்கு வழி இருக்கிறது.